தக்காளி புருஸ்கெட்டா: ரொட்டி ஊறிப்போகாமல் செய்வது எப்படி?

சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வீட்டுக்கு ஆறு பேர் விருந்துக்கு வந்தார்கள். முதன்முறையாகத் தக்காளி புருஸ்கெட்டா என்ற இத்தாலியச் சிற்றுண்டி செய்தேன். அரைக் கிலோ தக்காளியைப் பொடியாக நறுக்கி, உப்பு, நசுக்கிய பூண்டு நான்கு பல், பேசில் இலை, ஆலிவ் எண்ணெய் எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்து வைத்துவிட்டேன். நீளமான பிரெஞ்சு ரொட்டியை ஒரு விரல் கனத்துக்கு வெட்டி வாட்டி, மேலே தக்காளியை அள்ளி வைத்துத் தட்டில் அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எல்லோரும் பேசி முடித்து வந்து உட்கார இருபது நிமிடம் ஆகிவிட்டது. முதலில் எடுத்தவர் கையிலேயே ரொட்டி நடுவில் மடங்கி, தக்காளி மொத்தமும் அவர் மடியில் கொட்டியது. ருசியும் நினைத்தது போல் வரவில்லை. பூண்டு மட்டும் காரமாக முன்னால் நின்றது, தக்காளி சப்பென்று இருந்தது.

எங்கே தவறினேன்? விதையை எடுத்துவிட வேண்டுமா? எந்த ரொட்டி சரிப்படும்? எதை முன்கூட்டியே செய்து வைக்கலாம்? வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே ஆறு பேருக்கு மறுபடியும் செய்து தரவேண்டும் என்று ஆசை.


கடலோடி எழுதியது:

இரண்டு விஷயம் தெரிந்தால் சொல்ல வசதியாக இருக்கும். உப்பு எப்போது போட்டீர்கள்? தக்காளியை எங்கே வைத்திருந்தீர்கள்?


சாரல் எழுதியது:

காலையிலேயே உப்பு போட்டுக் கலந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். விருந்து இரவு எட்டு மணிக்கு. தக்காளியும் வாங்கிய நாளிலிருந்து ஃபிரிட்ஜில்தான் இருந்தது, ஐந்து நாள் இருக்கும்.


கடலோடி எழுதியது:

பாதி விடை அதிலேயே இருக்கிறது. மீதியை நுண்ணோக்கி வந்து சொல்வார், அவருக்கு இது பிடித்த விஷயம்.


நுண்ணோக்கி எழுதியது:

ஆமாம், பிடித்த விஷயம்தான். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தக்காளியின் எடையில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர். அது செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. நறுக்கும்போது கொஞ்சம் செல்கள் கிழிகின்றன, கொஞ்சம் சாறு வருகிறது, அவ்வளவுதான். உப்பு போட்டதும் நிலைமை மாறிவிடும். வெளியே உப்புச் செறிவு கூடுவதால், உள்ளே இருக்கும் தண்ணீர் செல்சவ்வைத் தாண்டி வெளியே வரத் தொடங்கும். இதைத்தான் சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படித்தோம். பதினைந்து நிமிடத்திலேயே கிண்ணத்தின் அடியில் சாறு தேங்குவதைப் பார்க்கலாம். நீங்கள் காலை முதல் இரவு வரை விட்டிருக்கிறீர்கள். துண்டுகள் தளர்ந்து, கிண்ணம் முழுக்கச் சாறாகியிருக்கும். அதை அள்ளி வாட்டிய ரொட்டி மேல் வைத்தால் ரொட்டி என்ன செய்யும்? காய்ந்த ரொட்டி பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும்.

அடுத்தது ஃபிரிட்ஜ். தக்காளியின் மணம் பல ஆவியாகும் சேர்மங்கள் சேர்ந்து தருவது. குளிரில் அவற்றை உண்டாக்கும் நொதிகளின் வேலை வெகுவாகக் குறைந்துபோகிறது. 2016-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுத்த தக்காளிகளை 5 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் வைத்துப் பார்த்தார்கள். மணச் சேர்மங்கள் நன்றாகக் குறைந்துவிட்டன. அப்புறம் வெளியே எடுத்து ஒரு நாள் வைத்தும் பழைய மணம் திரும்பவில்லை. சர்க்கரையும் புளிப்பும் அப்படியேதான் இருந்தன. அதனால்தான் உங்கள் தக்காளியில் புளிப்பு தெரிந்தும் "தக்காளி" தெரியாமல் போயிருக்கிறது.

சமைக்கும் தக்காளிக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. புருஸ்கெட்டாவில் பச்சையாகச் சாப்பிடுகிறோம், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வெளியே, வெயில் படாத இடத்தில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துப் பழுக்க விடுங்கள். அழுத்தினால் லேசாக இணங்கும் பதம் வந்த அன்றே செய்துவிடுங்கள்.


அடுப்பங்கரை எழுதியது:

சாரல், மனம் தளராதீர்கள். பெரும்பாலானோர் தொடங்குகிற இடத்திலிருந்துதான் நீங்களும் தொடங்கியிருக்கிறீர்கள். அதாவது, இதைத் தக்காளிப் பண்டமாக நினைத்துத் தொடங்கியிருக்கிறீர்கள். புருஸ்கெட்டா என்பது ரொட்டி.

நான் சில வருடம் இத்தாலியின் தஸ்கனி பகுதியில் இருந்தேன். அங்கே இதன் மூத்த வடிவத்துக்கு ஃபெத்துந்தா என்று பெயர். "எண்ணெய் பூசிய துண்டு" என்று பொருள். அக்டோபர், நவம்பரில் ஆலிவ் பறித்துப் புது எண்ணெய் பிழிவார்கள். அந்த எண்ணெய் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ரொட்டியைத் தணலில் வாட்டி, பூண்டைத் தேய்த்து, எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, உப்பைத் தூவிச் சாப்பிடுவார்கள். தக்காளியே கிடையாது! புருஸ்கெட்டா என்ற பெயரும் ரோம் வட்டாரப் பேச்சில் தணலில் வாட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். தக்காளி 16-ஆம் நூற்றாண்டில்தான் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. அதைச் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொள்ள இத்தாலிக்காரர்கள் இன்னும் நீண்ட காலம் எடுத்துக்கொண்டார்கள். ரொட்டி, பூண்டு, எண்ணெய் மூன்றும் அதற்கு முன்பே அங்கே இருந்தவை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தக்காளி இல்லாமலே அந்த ரொட்டி ருசியாக இருக்க வேண்டும். ஞாயிறு செய்யும்போது முதல் துண்டைத் தக்காளி வைக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் மீதி தானாக வரும்.

பூண்டைக் கலவையில் போடவே வேண்டாம். ஒரு பல்லை உரித்துக் குறுக்கே பாதியாக வெட்டி, ரொட்டி சூடாக மொறுமொறுப்பாக இருக்கும்போதே அதன் மேல் இரண்டு மூன்று முறை தேயுங்கள். அந்தச் சொரசொரப்பு துருவி போல வேலை செய்து பூண்டை மெழுகுபோல் பூசிவிடும். ஆறு பேருக்கு ஒரு பல், மிஞ்சிப் போனால் இரண்டு. ரொட்டி ஆறிவிட்டால் இந்த மணம் எழும்பாது, அதனால் ஒருவர் வாட்ட ஒருவர் தேய்க்க என்று செய்வது நல்லது.

இன்னொன்று, உச்சரிப்பு. "புருஷெட்டா" என்று பலர் சொல்கிறார்கள். இத்தாலியில் "ஸ்கெ" தான். புருஸ்கெட்டா. ஒன்றுக்கு மேல் இருந்தால் புருஸ்கெட்டே.


ரொட்டிக்காரர் எழுதியது:

ரொட்டி பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவன் நான்.

நீங்கள் எடுத்த நீள ரொட்டியின் குறுக்களவு சிறியது, உள்ளே பெரிய பெரிய ஓட்டைகள். அதைச் சின்னச் சின்னதாக வெட்டி வாட்டினால் இத்தாலியில் குரோஸ்தீனி என்பார்கள், அதற்கு ஈரல் பசை போன்ற கெட்டியான மேல்பூச்சுதான் பொருந்தும். தக்காளிக்கு அகலமான, தடித்த மேலோடு உள்ள நாட்டு ரொட்டி வேண்டும். உள்பகுதி நெருக்கமாகவும் கொஞ்சம் மெல்லும்படியும் இருக்க வேண்டும். புளித்த மாவில் செய்த ரொட்டி நன்றாகப் பொருந்தும். புலியா பகுதியில் அல்தமுரா என்ற ஊரின் ரொட்டி இதற்குப் பெயர் பெற்றது. கடினக் கோதுமை ரவையை மறுபடி நைசாக அரைத்துச் செய்வது, உள்ளே மஞ்சளாக இருக்கும். தஸ்கனி ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். அந்த மாதிரி ரொட்டி கிடைத்தால் மேலே தூவும் உப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மெத்தென்ற சாண்ட்விச் ரொட்டி மட்டும் வேண்டாம். எவ்வளவு வாட்டினாலும் அது ஈரத்தைத் தாங்காது.

நேற்றைய ரொட்டி இன்றையதை விட நல்லது. ஈரம் குறைந்திருக்கும், வெட்டும்போது நசுங்காது.

கனம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் முழுக்கக் காய்ந்து பிஸ்கெட் ஆகிவிடும், அல்லது முழுக்க ஊறிவிடும். கூடினால் வாய் கொள்ளாது.

இப்போது வாட்டுவது. இரண்டு வழி இருக்கிறது, எதை எடுப்பது என்பது உங்கள் விருந்தாளிகளைப் பொறுத்தது. உடனே சாப்பிடுவார்கள் என்றால் கடுஞ்சூடு: நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லிலோ, அடுப்புக் கம்பிவலையிலோ, ஓவனின் மேல் கிரில்லிலோ பக்கத்துக்கு ஒன்று இரண்டு நிமிடம். வெளியே கருக்கு விழும், உள்ளே மெத்தென்று இருக்கும். நான் விரும்புவது இதைத்தான். கொஞ்சம் தாமதமாகும் என்று தெரிந்தால் மிதமான சூடு: 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் எட்டு முதல் பத்து நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பி. இதில் துண்டு ஆழம் வரை காயும், ஈரத்தை அதிக நேரம் தாங்கும்.

எந்த வழியானாலும் வாட்டியதும் தட்டில் போட்டு அடுக்காதீர்கள். சூட்டில் வரும் ஆவி அடியில் சிக்கி, நீங்கள் கஷ்டப்பட்டு உண்டாக்கிய மொறுமொறுப்பைத் தின்றுவிடும். கம்பித்தட்டில் ஒற்றை வரிசையாகப் பரப்புங்கள். உங்கள் ரொட்டி மடங்கியதற்குத் தக்காளி மட்டும் காரணமாக இருக்காது என்பது என் கணிப்பு.


சாரல் எழுதியது:

அடுக்கித்தான் வைத்தேன். அதுவும் ஒரு துணியால் மூடி, சூடு ஆறக்கூடாது என்று.


பசும்புல் எழுதியது:

எல்லோரும் தண்ணீரை ஒரு எதிரியாகவே பேசுகிறீர்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். உப்பு போட்டு வடிகட்டி வைத்த தக்காளியை நான் சாப்பிட்டிருக்கிறேன், தோல் மட்டும் மிஞ்சியது போல இருக்கும். பழுத்த தக்காளியின் ருசி அந்தச் சாற்றில்தான். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பை எடுத்து எறிபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நான் செய்வது: தக்காளியை முன்பே நறுக்கி வைப்பேன், உப்பு போடமாட்டேன். ரொட்டி வாட்டிப் பூண்டு தேய்த்தபிறகு உப்பு, எண்ணெய், பேசில் சேர்த்து இரண்டு பிரட்டுப் பிரட்டி அப்படியே வைத்துக் கொடுப்பேன். மேலே பால்சாமிக் வினிகர் சில சொட்டு.


நுண்ணோக்கி எழுதியது:

பசும்புல் சொல்வதில் அறிவியல் ஆதரவும் இருக்கிறது. விதையைச் சூழ்ந்த அந்தக் கொழகொழப்பில், வெளிச் சதையை விடக் குளூட்டமேட் அதிகம். நாக்கில் நிறைவாக, ஒரு ஆழமாகத் தெரியும் ருசி அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே சாரல், விதையை எடுக்க வேண்டாம் என்பதே என் பதிலும்.

ஆனால் வடிகட்டுவதும் எறிவதும் ஒன்றல்ல.


அடுப்பங்கரை எழுதியது:

அதையேதான் சொல்ல வந்தேன். நான் வடிகட்டுவேன், சாற்றை எறியமாட்டேன். அரைக் கிலோ தக்காளியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக, கூர்மையான கத்தியால் நறுக்குவேன். மொட்டைக் கத்தி நசுக்கும், அதிலேயே பாதிச் சாறு போய்விடும். அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவிப் பிரட்டி, கிண்ணத்தின் மேல் வைத்த சல்லடையில் பதினைந்து, இருபது நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். பசும்புல் சாப்பிட்ட தோல் மாதிரித் தக்காளி ஒரு மணி நேரத்துக்கு மேல் வடிந்ததாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கீழே இறங்கிய சாற்றில் பாதியை எடுத்து இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயோடு நன்றாக அடித்துக் கலந்தால் கொஞ்சம் கெட்டிப்படும். அதைத் தக்காளித் துண்டுகளில் ஊற்றிப் பிரட்டினால் ருசி திரும்ப வந்துவிடும், ஆனால் தண்ணீராக ஓடாது. மீதிச் சாற்றைக் குடித்துவிடுவேன். சமைப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

எண்ணெயை முதலிலேயே ஊற்றிவிடாதீர்கள். உப்பு எண்ணெயில் கரையாது, தக்காளி மேல் எண்ணெய் படிந்துவிட்டால் உப்பு உள்ளே சேராமல் அங்கங்கே கரிக்கும்.

தோல் உரிப்பதா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: தோல் தடித்த வகையென்றால் மட்டும். அடியில் சிலுவைக் கீறல் போட்டு, கொதிநீரில் அரை நிமிடம், உடனே குளிர்ந்த நீரில்.

பால்சாமிக் விஷயத்தில் மட்டும் பசும்புல்லோடு ஒத்துப்போக மாட்டேன். தக்காளியிலேயே தேவையான புளிப்பு இருக்கிறது. மோதெனாவில் மரபு முறையில் செய்யும் பால்சாமிக், காய்ச்சிய திராட்சைச் சாற்றைக் குறைந்தது பன்னிரண்டு வருடம் மரப்பீப்பாய்களில் வைத்து எடுப்பது. அது சொட்டுச் சொட்டாக ருசிக்க வேண்டிய பொருள். பிழியும் குப்பியில் வரும் கறுப்புப் பாகு அதுவல்ல. அதில் இனிப்பும் கெட்டிப்படுத்தும் பொருளும்தான் முன்னால் நிற்கும். நல்ல தக்காளியின் மேல் அதைக் கோடு போட்டால் தக்காளியை மூடிவிடும்.


பசும்புல் எழுதியது:

தக்காளி நன்றாகப் பழுக்காத காலத்தில் எனக்கு அந்தச் சொட்டுகள் தேவைப்படுகின்றன. நல்ல தக்காளி கிடைத்தால் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். வடிகட்டுவதை ஏற்கவில்லை.


கடலோடி எழுதியது:

தக்காளி வகை பற்றி ஒரு வரி. நீள உருண்டையான பிளம் தக்காளியில் சதை அதிகம், சாறு குறைவு. முதல் தடவை செய்பவருக்கு அது பாதுகாப்பு. பழுக்காத காலம் என்றால் செர்ரி தக்காளி எடுங்கள். பெரியவை வெளிறிக் கிடக்கும்போதும் அவற்றில் இனிப்பு இருக்கும். நான்காக நறுக்கினால் போதும்.


சாரல் எழுதியது:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பேசில் எப்போதும் கறுத்துவிடுகிறது. அப்புறம், பூண்டை முந்தின நாளே ஆலிவ் எண்ணெயில் போட்டு ஊறவைத்து அந்த எண்ணெயைப் பூசினால் என்ன? வேலை குறையுமே.


நுண்ணோக்கி எழுதியது:

இரண்டாவதற்கு முதலில் பதில், ஏனென்றால் அது முக்கியம். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைக்காதீர்கள். மண்ணில் வளரும் பூண்டில் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஒட்டியிருக்கலாம். காற்றுள்ள இடத்தில் அவை முளைப்பதில்லை. எண்ணெய்க்குள் காற்றில்லை, புளிப்பும் இல்லை, அறைச்சூடும் இருந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும். நரம்பை முடக்கும் நச்சு. எண்ணெயின் நிறமோ மணமோ மாறாது, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 1985-ல் கனடாவின் வான்கூவர் நகரில் எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டால் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அந்தப் பூண்டு குளிரில் வைக்கப்படவில்லை. எண்ணெயில் பூண்டு மணம் வேண்டுமென்றால் அன்றே செய்து அன்றே தீர்த்துவிடுங்கள்.

தேய்க்கும் முறை இதைவிடச் சுலபம். பூண்டின் காரம் அல்லிசின் என்ற பொருளால் வருவது. முழுப் பல்லில் அது கிடையாது, செல்கள் உடையும்போதுதான் ஒரு நொதி அதை உருவாக்குகிறது. நீங்கள் நான்கு பல்லை நசுக்கி நாள் முழுக்க ஊறவிட்டதால் கிண்ணம் முழுவதும் பூண்டாகிவிட்டது. தேய்த்தால் மெல்லிய படலம்தான் சேரும், உடனே சாப்பிட்டும் விடுகிறோம்.

பேசில் கறுப்பதும் நொதி வேலைதான். இலை நசுங்கினாலும் குளிர்ந்தாலும் கறுக்கும். 10 டிகிரிக்குக் கீழே அந்த இலைக்கு ஆகாது. காம்போடு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி வெளியே வையுங்கள். பரிமாறும் நேரத்தில் கையால் பெரிதாகக் கிள்ளிப் போடுங்கள். ஒரு சின்ன செய்தி: பேசிலும் நாம் திருநீற்றுப்பச்சிலை என்பதும் தாவரவியலில் ஒரே இனம். வகைக்கு வகை மணம் மாறும். துளசி வேறு இனம், அதன் கிராம்பு வாசம் இங்கே ஒத்துவராது.


ரொட்டிக்காரர் எழுதியது:

எண்ணெய் பற்றி ஒன்று. ரொட்டியில் பூண்டு தேய்த்ததும் எண்ணெயை நேரே ரொட்டி மேலும் கொஞ்சம் ஊற்றுங்கள். ருசிக்கு மட்டுமல்ல, மேல்பரப்பில் படிந்து தக்காளியின் ஈரம் இறங்குவதைத் தாமதப்படுத்தும். வேதிப்பொருள் சேர்க்காமல் பிழிந்தெடுத்த எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் வேண்டும். நிறத்தைப் பார்த்து எடைபோடாதீர்கள், எண்ணெய் சுவைக்கும் வல்லுநர்களே நிறம் மனதை மாற்றக்கூடாது என்று நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில்தான் ஊற்றிப் பார்ப்பார்கள். ஒரு கரண்டி விழுங்கும்போது தொண்டையில் சுருக்கென்று பிடித்தால் பயப்பட வேண்டாம். ஓலியோகாந்தல் என்ற பொருள் அது, புது எண்ணெயின் அடையாளம்.


சாரல் எழுதியது:

செய்துவிட்டேன்! விவரமாக எழுதுகிறேன்.

தக்காளி நான்கு நாள் சமையலறை மேடையிலேயே பழுத்தது. பிளம் வகை, அரைக் கிலோ. புளித்த மாவு ரொட்டியை முந்தின நாளே வாங்கி வைத்தேன். அடுப்பங்கரை அக்கா சொன்னபடி முதல் துண்டைத் தக்காளி இல்லாமல் பூண்டு, எண்ணெய், உப்பு மட்டும் போட்டுச் சாப்பிட்டேன். சமையலறையில் நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். இவ்வளவு நாள் இது தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது.

பசும்புல்லுக்கும் அக்காவுக்கும் இடையிலான வழக்கை நானே பார்த்துவிடலாம் என்று தக்காளியை இரண்டாகப் பிரித்தேன். பாதியை உப்பிட்டுப் பதினெட்டு நிமிடம் வடித்தேன், ஐந்து மேசைக்கரண்டிச் சாறு இறங்கியது. மீதிப் பாதிக்குக் கடைசி நிமிடத்தில் உப்பு. யாருக்கும் எது எது என்று சொல்லவில்லை.

கடைசி நிமிடம் உப்பிட்டது உடனே சாப்பிட்டபோது மிகவும் நன்றாக இருந்தது. கடித்ததும் தக்காளி வாயில் வெடித்துச் சாறு வந்தது. ஐந்து நிமிடம் கழித்து எடுத்த துண்டு ஓரத்தில் ஊறத் தொடங்கியிருந்தது. வடித்தது பத்து நிமிடம் தாண்டியும் கையில் விறைப்பாக நின்றது. ருசி அடர்த்தியாக இருந்தது, ஆனால் அந்த வெடிப்பு இல்லை. ஆறு பேரில் நால்வர் வடித்ததையும் இருவர் வடிக்காததையும் விரும்பினார்கள்.

இரண்டு துண்டு இரும்புக் கல்லில் கருகிவிட்டது. பூண்டு தேய்க்கப் போன நேரத்தில் கவனிக்காமல் விட்டேன்.


அடுப்பங்கரை எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த தடவை ஒன்று செய்து பாருங்கள். வைத்துக் கொடுக்க வேண்டாம். ரொட்டியைக் கம்பித்தட்டோடும், தக்காளியைக் கிண்ணத்தில் ஒரு கரண்டியோடும், பூண்டையும் எண்ணெயையும் மேசை நடுவிலும் வைத்துவிடுங்கள். அவரவர் தேய்த்து, அவரவர் வைத்துச் சாப்பிடட்டும். பேசிக்கொண்டே இருந்தாலும் எதுவும் ஊறாது. பூண்டு பிடிக்காதவர் தேய்க்காமல் விடலாம்.


பசும்புல் எழுதியது:

இருவர் போதும் எனக்கு. அக்கா சொன்ன மேசை முறையில் வடிகட்டவே தேவையில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். உப்பையும் மேசையில் வைத்துவிடுங்கள்.


சாரல் எழுதியது:

தக்காளி ஒரு கிண்ணம் மிஞ்சியிருக்கிறது, எல்லாம் கலந்தது. நாளைக்கு ரொட்டியில் வைக்கலாமா?


கடலோடி எழுதியது:

ரொட்டிக்கு வேண்டாம், இதற்குள் தளர்ந்திருக்கும். இப்போதே மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நாளை அகன்ற வாணலியில் எண்ணெய் காயவைத்து இதை அப்படியே கொட்டி, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெந்த பாஸ்தாவைப் போட்டுப் பிரட்டுங்கள். உப்பு ஏற்கெனவே இருக்கிறது, பாஸ்தா வேகும் தண்ணீரில் குறைத்துப் போடுங்கள்.